மேற்கு வீட்டு உறியில் ஒரு மூட்டை

எங்கள் வீட்டில் "சும்மா" என்ற சொல்லுக்கு இடமே கிடையாது. சும்மா உட்கார்ந்தால் திட்டு விழும். சும்மா சிரித்தால் சந்தேகம் வரும். சும்மா தெருவில் நின்றால் சித்தப்பாவுக்குச் சேதி போய்விடும். அப்படிப்பட்ட வீட்டில், நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், குழம்பை ஊற்றிக்கொண்டே எங்கள் அம்மா அந்தச் சொல்லைச் சொன்னாள். அறுபதுகளில் ஒரு கார்த்திகை மாதம். எனக்குக் கல்யாணப் பேச்சு எடுக்க ஆரம்பித்திருந்த வருஷம்.

"பக்கமலைல தண்ணி கொட்டுதாம். வெறகுக்காரிங்க சொல்றாங்க. ஒரு நாளு போய்ப் பாத்துட்டு வரணும்" என்றாள்.

"எதுக்கு?" என்றார் நைனா.

"சும்மா."

நைனா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "இன்னாமே, எதுனா வேண்டுதலா?"

"இல்ல."

"ஒடம்புக்கு எதுனா? மூலிகைத் தண்ணின்னு எவனாச்சும் சொன்னானா?"

"ஒண்ணியும் இல்லீங்க. சும்மாதான். தண்ணி கொட்டுறத நான் பாத்ததே இல்ல."

நைனா கெட்டவர் இல்லை, பாவம். அவருக்குத் தெரிந்தவரை ஒரு பெண்பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டுமென்றால் கல்யாணம், சாவு, பிரசவம், கோயில் இதில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அம்மா சொன்னது இதில் எதிலும் சேரவில்லை. வெளியே சொல்ல முடியாத ஏதோ பெரிய வேண்டுதல் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டு, "சரி, போலாம்" என்றார். போய்ட்டு வா என்று சொல்லவில்லை, போலாம் என்றார். அத்தனை வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

செஞ்சியில் மலைக்குப் பஞ்சமா? எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறையும் அதன்மேல் கோட்டைச் சுவரும்தான். வெளியூர்க்காரர்கள் வந்து ஏறிவிட்டு நாக்குத் தள்ள இறங்குவார்கள். ஆனால் வெயிலைக் கக்குகிற பாறைகள் அவை. தண்ணீர் விழுகிற பாறை வேண்டுமென்றால் தென்மேற்கே பக்கமலைக் காட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் மழை விட்ட பிறகு கொஞ்ச நாள்தான். தை பிறந்தால் ஈரம்கூட இருக்காது. எங்கள் தெரு வழியாக விடியும் முன்பே காட்டுக்குப் போகும் விறகுக்காரிகள் சாயங்காலம் சுமையை இறக்கி வைத்து அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். "இங்க சொம்புத் தண்ணி குடிக்கிறோம், அங்க பாறை மேலருந்து கொட்டோ கொட்டுன்னு கொட்டுதுக்கா" என்று அவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத்தான் அம்மாவுக்கு அந்த ஆசை வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் சித்தப்பா வந்துவிட்டார். நைனாவுக்கு இளையவர், அடுத்த தெருவில் குடியிருந்தார். பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் அவர் தலைக்கு எண்ணெய்கூட வைக்க மாட்டார்.

"என்னைக்குப் போறதா உத்தேசம்?"

"ஞாயித்துக்கெழமை" என்றார் நைனா. என் அண்ணனுக்கு ஆபீஸ் லீவு அன்றைக்குத்தான். அவன் வராமல் எப்படி?

"ஞாயித்துக்கெழமை மேற்கே சூலம்" என்றார் சித்தப்பா. சூலம் இருக்கிற திசையில் அந்தக் கிழமையில் பயணம் கிளம்பக் கூடாது. வெள்ளிக்கிழமையும் மேற்கே சூலம்தான். "தென்மேற்குன்னு வச்சிக்கிட்டா வியாழக்கெழமையும் ஆவாது. அன்னைக்குத் தெக்கால சூலம்."

"ஏன் சித்தப்பா, தண்ணி கொட்டுதா இல்லியான்னு பஞ்சாங்கத்துல போட்டிருக்குதா?" என்று கேட்டேன். எனக்கு வாய் அதிகம் என்று ஊருக்கே தெரியும். சித்தப்பா என்னைப் பார்க்காமல், "இதுக்கு மொதல்ல ஒரு எடம் பாருண்ணா" என்று நைனாவிடம் சொன்னார்.

ஆனாலும் வழி சொன்னவரும் அவர்தான். கிழக்கே போனால் தயிர், மேற்கே போனால் வெல்லம், வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினால் சூலத்துக்குப் பரிகாரம். அதற்கும் மேலே பாதுகாப்பு வேண்டுமென்றால் பரஸ்தானம் வைத்துவிடலாம். அதாவது, நல்ல கிழமை பார்த்துப் பயணத்துக்கான துணிமணியை ஒரு மூட்டையாகக் கட்டி, போகிற திசையில் இருக்கிற வேறு ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். மூட்டை படி தாண்டிவிட்டால் ஆளே கிளம்பிவிட்ட கணக்கு. அதற்கப்புறம் எந்தக் கிழமை போனாலும் தோஷமில்லை.

புதன்கிழமை அம்மா மூட்டை கட்டினாள். ஒரு மாற்றுப் புடவை, துண்டு, பரிகாரத்துக்கு ஓர் உருண்டை வெல்லம். அவ்வளவுதான். மேற்குப் பக்கத்து வீடு ஒரு முஸ்லிம் குடும்பம். அவர்களுக்குக் கடைத்தெருவில் பாத்திரக்கடை இருந்தது. அந்த வீட்டு அம்மாவை நான் பெரிம்மா என்று கூப்பிடுவேன், அம்மா அக்கா என்பாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர். குழம்புக் கிண்ணம் போய் வருவதும் புலம்பல் போய் வருவதும் அதன் வழியாகத்தான்.

"எங்க ஊட்ல சூலமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது" என்று பெரிம்மா சிரித்தார். "ஆனா மூட்டைய வாங்கி வைக்கிறதுக்கு இன்னா? குடு. எனக்கும் சேத்துப் பாத்துட்டு வா."

அன்று அம்மா சுவரைத் தாண்டி மூட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது அவள் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தாள். எனக்கு விவரம் தெரிந்து, கல்யாணம் காட்சி எதுவுமில்லாத ஒரு சாதாரண நாளில் அவள் அப்படி இருந்து பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷம் சனிக்கிழமை வரைக்கும்கூடத் தாங்கவில்லை. அவலூர்பேட்டையிலிருந்து அத்தை பஸ் ஏறி வந்துவிட்டாள். நைனாவின் அக்கா. அவளுக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. "மலைக்குப் போறீங்களாமே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா?" என்று வாசலிலேயே ஆரம்பித்தாள். காட்டுக்குள் போகிறோம், அடிவாரத்தில் அம்மன் இருக்கிறாள், வெறுங்கையோடு தாண்டிப் போனால் நல்லதா? ஒரு பொங்கல் வைத்து, கிடா வெட்டிப் படைத்துவிட்டுப் போனால் என்ன கெட்டுவிடும்? நைனாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அம்மாவின் சும்மாவுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதல்லவா, அப்பாடா என்று மூச்சு விட்டார்.

அடுத்து அண்ணன். ஆபீஸ் சிநேகிதர்கள் நாலு பேரைக் கூட்டி வருகிறானாம். "அம்மா புளிசோறு பத்தி அவனுங்களுக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்றான். என்ன பெருமை! அடுத்து மறுபடியும் சித்தப்பா. அடிவாரத்து ஊரில் ஒரு பையன் இருக்கிறான், நிலம் நீச்சு உண்டு, கிணற்றில் பம்ப்செட் போட்டிருக்கிறார்கள். போகிற வழிதானே, அவர்களும் நம்மைத் தற்செயலாகப் பார்த்த மாதிரி இருக்கும்.

"தண்ணி கொட்டுறதப் பாக்கப் போறமா, என்னைக் கொண்டுபோய்க் கொட்டப் போறமா?" என்று கேட்டேன். அத்தை வாயில் கை வைத்துக்கொண்டாள். நைனா என் பெயரைச் சொல்லி ஓர் அதட்டல் போட்டார்.

அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்து புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேருக்கும் புளிசோறு, தயிர்சோறு, கறிக்குழம்பு. காட்டில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டுவது யார்? கிடாக்கறியை வேகவைப்பது யார்? மாப்பிள்ளை வீட்டாருக்குக் காப்பி கலப்பது யார்? ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஓடலாம் என்று நினைத்தவள் தலையில் வேலையெல்லாம் மூட்டையாய் ஏறி உட்கார்ந்துகொண்டது. எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. அவர்கள் மேல் மட்டுமில்லை, அம்மா மேலும்தான்.

"நீ ஏம்மா வாயத் தொறக்க மாட்டேன்ற?"

"தொறந்தேனே" என்றாள் அம்மா. "தொறந்ததுக்குத்தான் இது."

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. வண்டி அச்சு முங்குகிற அளவுக்கு ஓடையில் தண்ணீர் என்றார்கள். சரி, அடுத்த வாரம். அடுத்த வாரம் தளவானூரில் பங்காளி ஒருவர் செத்துப்போனார். எங்களுக்குத் தீட்டு. அம்மா அந்தச் சாவுக்குப் போனாள். அழுதாள், தலை முழுகினாள், திரும்பி வந்தாள். அங்கே போவதற்கு யாரும் அவளிடம் எதுக்கு என்று கேட்கவில்லை.

தீட்டுக் கழிவதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. "மார்கழில பொண்ணு பாக்கக் கூடாது" என்றார் சித்தப்பா. "தை பொறக்கட்டும். பொங்கல் முடிஞ்சி எல்லாருமாப் போவலாம்."

"தைல தண்ணி இருக்காதே சித்தப்பா" என்றேன்.

"தண்ணி எங்க போவப் போவுது? அடுத்த வருஷம் வரும்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லைதான். தண்ணீர் பார்க்கப் போவதாக ஆரம்பித்த பயணத்தில் கிடா இருந்தது, மாப்பிள்ளை இருந்தான், ஆபீஸ் ஆட்கள் இருந்தார்கள். தண்ணீரை மட்டும் எப்போதோ கழற்றி விட்டிருந்தார்கள். அது அம்மாவுக்கு மட்டும்தான் உறைத்தது. சாயங்காலத்தில் விறகுக்காரிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது, "இன்னும் கொட்டுதா?" என்று மெதுவாகக் கேட்பாள். முதலில் "கொட்டுதுக்கா" என்றார்கள். அப்புறம் "கொறஞ்சிருக்குது" என்றார்கள். அப்புறம் ஒருத்தி, "கயிறாட்டம் எறங்குது, இன்னும் பத்து நாளு தாங்கினா அதிகம்" என்றாள். அம்மா சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

இதற்குள் மேற்கு வீட்டில் வேறொரு கூத்து. மூட்டைக்குள் இருந்த வெல்லத்துக்கு எறும்பு வந்துவிட்டது. பெரிம்மா முதலில் மூட்டையைப் பெட்டிமேல் வைத்திருந்தார், பிறகு ஆணியில் மாட்டினார், எறும்பு விடவில்லை. கடைசியில் அடுப்பங்கரையில் தயிர்ச் சட்டி தொங்குகிற உறியில் சட்டியை இறக்கிவிட்டு மூட்டையைத் தூக்கி வைத்தார். இந்தச் சேதி சுவர் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்ததும் நைனாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "அவங்களுக்கு ஏன் தொந்தரவு? மூட்டைய எடுத்தாந்துடுமே. தைல பாத்துக்கலாம்."

"வச்ச பரஸ்தானத்தை எடுக்கலாமா?" என்று அம்மா கேட்டாள். நைனாவைப் பார்த்து இல்லை. அங்கே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவைப் பார்த்து.

சித்தப்பாவுக்கு மென்ற வெற்றிலை தொண்டையில் நின்றது. பஞ்சாங்கத்தைப் புரட்டினார், மேலே பார்த்தார். "எடுக்கக் கூடாது" என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "மூட்டை படி தாண்டிட்டா பயணம் தொடங்கியாச்சி. போவாம எடுத்தா வூட்டுக்கு ஆவாது. பேருக்காச்சும் மேற்கே போயிட்டு வரணும் அண்ணி. ஏரிக்கரை வரைக்கும் நடந்துட்டு வந்தாக்கூடப் போதும்."

"சரி" என்றாள் அம்மா.

அன்று சாயங்காலம் சுவரோரம் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பெரிம்மா சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. "அது கெளம்பி வந்து என் உறில உக்காந்துகினு இருக்குது. நீதான் இன்னும் வந்து சேரல."

இரண்டு நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. மேற்கே சூலம். விடிந்து நான் எழுந்து வந்தபோது அடுப்பில் சோறு வடித்து மூடியிருந்தது. குழம்பு ஆகியிருந்தது. அம்மா குளித்து, புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள். விறகுக்காரிகள் தெருமுனையில் காத்திருந்தார்கள். நைனா பல் துலக்கிய சாம்பல் கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"எங்கமே கெளம்பிட்ட?"

"நான் கெளம்பி எத்தினியோ நாளாச்சிங்க" என்றாள் அம்மா. "போய்ச் சேர வேணாமா?"

நைனா சாம்பல் கையை வேட்டியில் துடைத்தார். சாஸ்திரப்படி அவள் சொன்னது சரி. சித்தப்பாவே வாயால் சொன்னது. அம்மா மேற்கு வீட்டு வாசலுக்குப் போனாள். பெரிம்மா தயாராக மூட்டையை நீட்டினார். எறும்பு தட்டி, வெல்லத்தை ஒரு சின்ன டப்பாவுக்கு மாற்றி வைத்திருந்தார். அம்மா டப்பாவைத் திறந்து ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டாள். நானும் வரேன் என்று நான் ஓடினேன். "நீ வந்தா நான் உன் அம்மாவால்ல வரணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. போய்த் தொலை என்று அவள் முதுகைப் பார்த்து முணுமுணுத்தேன், அப்படியே நல்லபடியாகப் போய் வர வேண்டுமே என்றும் வேண்டிக்கொண்டேன்.

அன்று முழுக்க வீடு ஒரு மாதிரி இருந்தது. நைனா கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தார். விதைக்கடலைக்காக மல்லாட்டை உடைக்க உட்கார்ந்தார், எழுந்தார். அண்ணன் ஆபீசிலிருந்து வந்து, "அம்மா எங்க?" என்றான். "சும்மா வெளிய போயிருக்குது" என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த குஷியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மா வந்தாள். நேரே எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மேற்கு வீட்டுக்குள் போனாள். நான் சுவரோரம் போய் நின்றேன். ஒட்டுக் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"பாரஸ்ட் வாட்சரு புடிச்சிக்கினாரு அக்கா. வெறகா, தழையா, எதுக்கு வந்தேன்னாரு. சும்மா வந்தேன்னேன். நம்பல. மூட்டையப் பிரிச்சுப் பாத்தாரு. பொடவையும் வெல்லமும்தான் இருக்குது. அவருக்கு ஒண்ணும் புரியல. சரி போன்னுட்டாரு." இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் அம்மாவின் குரல் தாழ்ந்தது. "தண்ணி ஒல்லியாத்தான் வந்துச்சி. ஆனா அடியில போயி நின்னா மண்ட மேல கொட்டுது பாரு, அந்தச் சத்தத்துல வேற ஒண்ணுமே கேக்கல. அவங்க வெறகுக்குப் போயிட்டாங்க. அவங்க சொம கட்டிக்கினு வர்ற வரைக்கும் நான் அங்கியே உக்காந்திருந்தேன். யாரும் என்னக் கூப்டல அக்கா. ஒரு தபாகூட யாரும் கூப்டல."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அது யார் என்று தெரியவில்லை.

அம்மா எங்கள் வீட்டுக்குள் வந்தாள். நைனா எழுந்து நின்றார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கோபம் முகத்தில் இருந்தது, பயந்து போயிருந்ததும் தெரிந்தது. கேட்டது என்னவோ, "தண்ணி இருந்துச்சா?" என்றுதான்.

"எங்க?" என்றாள் அம்மா. "ஒண்ணும் பெரிசா இல்ல. இதுக்கு வண்டி கட்டிக்கினு எல்லாரும் போறது வீண் வேலை."

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் நைனா. அவருக்கு எவ்வளவு நிம்மதி! உட்கார்ந்து மல்லாட்டை உடைக்க ஆரம்பித்துவிட்டார். தையில் அத்தையும் சித்தப்பாவும் வந்தபோது அவரே, "அங்க ஒண்ணும் இல்ல, வெறும் பாறைதான், அவ பாத்துட்டு வந்துட்டா" என்று பேச்சை முடித்துவிட்டார். கிடா தப்பித்தது. நானும் தப்பித்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா மூட்டையை என் கையில் கொடுத்தாள். கனத்தது. புடவை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். "பேசாம புழிஞ்சு காயப் போடு" என்றாள். கொல்லையில் கொண்டுபோய்ப் பிழிந்தேன். ஒரு மலைத் தண்ணீர் எங்கள் கொல்லை மண்ணில் இறங்கியது. காட்டுத் துளசியும் கல்லும் கலந்த வாசம் அடித்தது.

அடுத்த கார்த்திகையில் மழை விட்டதும் மேற்கு வீட்டு உறிக்கு ஒரு மூட்டை போயிற்று. வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கடுத்த கார்த்திகைக்கு நான் அங்கே இல்லை. எனக்குக் கல்யாணமாகிவிட்டது. ஆரணிப் பக்கத்தில் ஒரு பெரிய குடும்பம். புறப்படும்போது அத்தை, மாமியாரை எதிர்த்துப் பேசாதே என்றாள். சித்தப்பா நல்ல நேரம் முடியப்போகிறது என்று அவசரப்படுத்தினார். நைனா வண்டிமாட்டின் கயிற்றைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் தலையில் பூவைச் சரி செய்கிற மாதிரி குனிந்து காதில் சொன்னாள்.

"போற ஊர்ல, மூட்டை வைக்க ஒரு வூடு மொதல்ல பாத்து வச்சிக்கோ."

பார்த்து வைத்துக்கொண்டேன். எனக்கு வாய்த்தது கிழக்கு வீடு. கிழக்குக்குத் தயிர்தான் பரிகாரம், அதை மூட்டையில் கட்ட முடியாது. அதனால் புடவையை மட்டும் வைத்தேன்.